கொழும்புக்கு ஒரு பெட்டி வத்தல்

தூத்துக்குடியில் சாயங்காலம் கிளம்புகிற கப்பல் மறுநாள் காலையில் கொழும்புத் துறைமுக வாசலில் நிற்கும். நடுவில் கிடக்கிற கடல் சுமார் 150 கடல் மைல். விளாத்திகுளத்தில் இருந்து சென்னைக்கு லாரி ஓடுகிற தூரத்தில் அது பாதிதான்.

இந்த நெருக்கம்தான் நமக்கு லாபம். புதிதாக இறங்குகிறவரைக் கவிழ்ப்பதும் இதே நெருக்கம்தான். ஐரோப்பாவுக்குப் பெட்டி (கன்டெய்னர்) போனால் கப்பல் மூன்று நாலு வாரம் கடலில் இருக்கும். அதற்குள் பேப்பரில் உள்ள பிழையைத் திருத்தலாம், ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பலாம், பாங்கில் பணத்தைத் துரத்தலாம். கொழும்புக்கு அந்த அவகாசம் கிடையாது. சரக்கு முதலில் போய் நின்றுவிடும், பேப்பர் பின்னால் ஓடும். நெல்லைச் சீமையில் இருந்து இலங்கைக்கு ஏற்றுமதி செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று மிளகாய் வத்தல் காய்ந்த களத்தில் தப்பு நடந்திருக்கும், இல்லையென்றால் பேப்பரில் நடந்திருக்கும். கடலில் போனது அநேகமாக எதுவும் இல்லை.

எத்தனையோ சரக்கு போகிறது, வத்தலை ஏன் எடுத்தேன் என்றால், அது கரிசல் காட்டு வெள்ளாமை, இலங்கைக்கு வருஷம் முழுக்க வேண்டிய பொருள். அங்கே விளைகிற மிளகாய் அவர்களுக்குப் போதாது. சமையலுக்கும் தூளுக்கும் வேண்டிய காய்ந்த மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் போகிறது. ஆந்திராவின் குண்டூர்ச் சரக்கும் நம் துறைமுகம் வழியாகப் போகிறது. துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரத்தை வைத்துக்கொண்டு, நம்மவர்கள் ஏஜென்டிடம் மூட்டையைத் தள்ளிவிட்டு வந்துவிடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

பேச்சு தொடங்குமுன் ஒரு சொல். நாம் வத்தல் என்கிறோம், அங்கே செத்தல் மிளகாய் என்பார்கள். வெறுமனே 'வத்தல்' என்று எழுதினால் பாகற்காய் வற்றலா, கத்தரி வற்றலா என்று கேட்பார்கள். சீனிக்கு மட்டும் நெல்லையிலும் கொழும்பிலும் ஒரே பேர். இன்வாய்ஸில் எந்த ஊர்ப் பேச்சும் வேண்டாம். 'டிரை ரெட் சில்லி, ஹோல்' என்று போட்டு, காம்போடா காம்பு நீக்கியதா என்பதையும், சுங்கக் குறியீடு 0904 21 வரிசையில் வருவதையும் எழுதுங்கள்.

களம்

மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்தது தையில் பழுக்க ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை வரை பறிப்பு ஓடும். பறித்த பழத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர். மூன்றரை, நாலு கிலோ பழம் காய்ந்து ஒரு கிலோ வத்தல் ஆகும். அந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சுத்தமாக வெளியேறுகிறது என்பதில்தான் கொழும்பு வியாபாரம் அடங்கியிருக்கிறது.

தை, மாசியில் பகல் வெயில் நன்றாக இருக்கும், ராத்திரிப் பனியும் அதே அளவுக்கு இறங்கும். பகலில் காய்ந்த வத்தலை அப்படியே களத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் விடியும்போது மேல் அடுக்கு நமுத்திருக்கும். மறுநாள் வெயில் அதைக் காய வைக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வருகிற வத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதில் ஒரு வகை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, பிறகு எவ்வளவு காயவைத்தாலும் வறுத்தாலும் போகாது. வெறும் மண்ணில் உலர்த்தினால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் பூஞ்சணம் மண்ணிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமில்லை. சிமென்ட் களம், இல்லையென்றால் கனமான தார்ப்பாய். பரப்புகிற கனம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பகலில் நாலைந்து தடவை கிண்டிவிட வேண்டும். பொழுது சாயுமுன் கூட்டிக் குவித்து மூடி, காலையில் பனி விலகிய பிறகு மறுபடி பரப்ப வேண்டும். இப்படிப் பத்து முதல் பதினைந்து நாள். கடைசியில் ஈரம் 10 சதவீதத்தில் நிற்க வேண்டும், 11-ஐத் தாண்டக் கூடாது. கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் கொடுக்கும். வளைத்தால் தோல் லேசாக வளைந்து பிறகு ஒடியும். எடுத்தவுடனேயே நொறுங்கினால் அதிகம் காய்ந்துவிட்டது, எடையில் நஷ்டம். காம்படியை மட்டும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தோல் காய்ந்த பிறகும் காம்படியில் ஈரம் நிற்கும், பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று மண்டியில் நடக்கிறது. சாக்கில் போட்டு மிதிக்கும்போது வத்தல் நொறுங்காமல் இருக்கவும், எடை கூடவும் தண்ணீர் தெளிப்பது. உள்ளூரில் பத்து நாளில் விற்றுத் தீர்கிற சரக்குக்கு அது கண்ணில் படாமல் போய்விடலாம். ஏற்றுமதிச் சரக்குக்கு அது விஷம் வைப்பதற்குச் சமம். 10 சதவீதத்தில் வந்த வத்தல், தெளித்த பிறகு 14, 15 என்று ஏறிவிடும். சாக்கின் நடுவில் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. மூட்டையை வாங்கும்போது மேலே கையை விட்டுப் பார்த்தால் போதாது. குத்தூசியால் நடுவயிற்றில் இருந்து எடுத்துப் பாருங்கள். சாக்கைப் பிரித்து நடுவில் முழங்கை வரை கையை விட்டால், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெதுவெதுப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நஞ்சு எல்லா வத்தலிலும் சமமாக இருக்காது. ஆயிரம் வத்தலில் ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் மொத்த மாதிரியும் தோற்கலாம். அதேபோல நல்ல மூட்டை ஒன்றில் மட்டும் மாதிரி எடுத்துப் பாஸ் ஆனதை நம்பிப் பெட்டியை ஏற்றினால் அங்கே தோற்கலாம். ஒரு பெட்டிக்கு 560 மூட்டை இருந்தால் குறைந்தது ஐம்பது, அறுபது மூட்டையில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்து, கலந்து, அதில் இருந்து மாதிரி பிரிக்க வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி மசாலாப் பொருளுக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 15 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. அங்கே வாங்குபவர் என்ன வரம்பு கேட்கிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்றிய அரசின் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) நடத்தும் ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருப்பது நமக்கு வரம். சரக்கு வாங்கிய நாளிலேயே சொந்தச் செலவில் ஒரு சோதனை, ஏற்றுவதற்கு முன் முறைப்படியான சோதனை என்று இரண்டு தடவை பாருங்கள். முதல் சோதனைக்கு ஆகிற செலவு, கொழும்பில் இருந்து ஒரு பெட்டி திரும்பி வருகிற செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பெட்டி

வத்தல் லேசான சரக்கு. எடைக்கு முன் இடம் நிரம்பிவிடும். 40 அடி நீளமுள்ள உயரமான பெட்டியில் அழுத்திக் கட்டிய மூட்டையாக 14 டன் வரை கொள்ளும், 20 அடியில் அதில் பாதி. 14 டன் என்றால் 25 கிலோ மூட்டை 560. 40 கிலோ மூட்டை போட்டால் சாக்குச் செலவு மிச்சம். ஆனால் அங்கே தலைச்சுமையாக இறக்குகிறவர்களுக்கும் மறுவிற்பனைக்கும் 25 கிலோதான் வசதி. மூட்டையில் சரியாக 25 கிலோ நிரப்பினால் போய்ச் சேரும்போது ஈரம் குறைந்து 200, 300 கிராம் இறங்கியிருக்கும், எடைக் குறைவு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவை முன்கூட்டியே நிரப்பிவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

காலிப் பெட்டி வந்ததும் ஒருவர் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கூரையிலோ பக்கத்திலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால்கூட அந்தப் பெட்டி வேண்டாம். கருவாடு, ரசாயனம் என்று முந்தைய சரக்கின் வாசனை இருந்தாலும் வேண்டாம், வத்தல் வாசனையை உறிஞ்சும். தரையிலும் பக்கங்களிலும் கிராஃப்ட் காகிதம் விரித்து, மூட்டைகளுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

அந்த இடைவெளி எதற்கு என்று கேட்பார்கள். கப்பல் ஓடுவது ஒரு ராத்திரி என்றாலும், ஏற்றிய பெட்டி சி.எஃப்.எஸ். என்கிற பெட்டிக் கிடங்கு முற்றத்தில் இரண்டு மூன்று நாள் கிடக்கும், கொழும்பில் இன்னும் சில நாள். பகலில் தகரக் கூரை கொதிக்கும், உள்ளே வத்தலின் ஈரம் ஆவியாகும். ராத்திரி கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி முத்து முத்தாக வேர்த்து மேல் மூட்டையில் சொட்டும். கதவைத் திறக்கும்போது மேல் வரிசை மட்டும் வெள்ளை பூத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பலர் மழை புகுந்தது என்று ஷிப்பிங் லைனுடன் (கப்பல் கம்பெனி) சண்டை போடுவார்கள், ஓட்டை ஒன்றும் இருக்காது. கூரை ஓரத்தில் தொங்கவிடும் ஈரமுறிஞ்சிப் பைகள் 40 அடிப் பெட்டிக்குக் குறைந்தது எட்டு வேண்டும். அதற்கும் மேல் ஒரு அடுக்கு காகிதம் மூட்டைகள் மீது போர்த்துங்கள். கடற்காற்று ஈரமாக வீசும் சாயங்காலத்தில் ஏற்றுவதைத் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு ஏற்றி முடித்துக் கதவைச் சாத்துங்கள்.

புகையூட்டலுக்கு நாள் ஒதுக்க மறக்கிறவர்கள் நிறைய. பாஸ்பின் வாயு என்றால் மூடிய நிலையில் ஐந்து முதல் ஏழு நாள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் செய்து சான்றிதழ் தந்தால்தான் செல்லும். மரப் பலகை, பேலட் வைத்தால் அதுவும் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத இரண்டு பலகைக்காகப் பெட்டி நிற்பதைவிடப் பலகையே இல்லாமல் ஏற்றிவிடலாம்.

பேப்பர்

ஒரு தடவை எடுத்தால் போதும் என்பவை சில. வெளிநாட்டு வணிகத்தைக் கவனிக்கிற டி.ஜி.எஃப்.டி. அலுவலகம் தருகிற ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) கட்டணம் 500 ரூபாய், பான் எண்ணே அதன் எண். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆன்லைனில் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் முடங்கிவிடும். வெளிநாட்டுப் பணம் கையாளும் பாங்குக்கு உள்ள ஏ.டி. கோடு என்ற குறியீட்டைத் தூத்துக்குடி சுங்கத்தில் பதிய வேண்டும். வத்தலுக்கு ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவு, காய்கறிக்கு அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். நிதியாண்டு மாறினால் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரல் முதல் வாரம் பெட்டி அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டியவை தனி. இன்வாய்ஸ், பாக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கிற ஏற்றுமதி அறிவிப்பு), பயிர்ப் பாதுகாப்புச் சான்றிதழ், புகையூட்டுச் சான்றிதழ், ஆய்வறிக்கை, பிறப்பிடச் சான்றிதழ், பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை, பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தருகிற ரசீது; அதன் ஒரிஜினலைக் காட்டித்தான் அங்கே சரக்கை எடுக்க வேண்டும். எடை அறிவிப்பு 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம், அது இல்லாமல் பெட்டியைக் கப்பலில் தூக்க மாட்டார்கள். இத்தனை தாளிலும் வாங்குபவரின் பேர், விலாசம், வரி எண், மூட்டை எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தாளில் 14,000 கிலோ, இன்னொன்றில் 14.1 டன் என்று இருந்தால் அங்கே பெட்டி நிற்கும்.

பயிர்ப் பாதுகாப்புச் சான்றிதழை எடுக்குமுன், வாங்குபவரிடம் அவர் நாட்டு இறக்குமதி அனுமதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கூடுதல் உறுதிமொழி ஏதாவது எழுதியிருந்தால் அதே வாசகம் நம் சான்றிதழில் வர வேண்டும், பொருள் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட மாட்டார்கள். கப்பல் கிளம்பிய பிறகு தேதியிட்ட சான்றிதழும் தகராறுதான்.

பில் ஆஃப் லேடிங்கின் வரைவு மெயிலில் வந்ததும் அதை வாங்குபவருக்கு அனுப்பி, அவர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே உறுதிசெய்யுங்கள். தூரத்து நாட்டுக்கு என்றால் கப்பல் போன பிறகும் திருத்த நேரம் இருக்கும். கொழும்புக்கு நீங்கள் திருத்தச் சொல்லும் நேரத்தில் கப்பல் அங்கே கட்டியிருக்கும், சரக்குப் பட்டியல் அங்கே சுங்கத்தில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றவும் கட்டணம், அபராதம், நாட்கள்.

இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் சலுகை எல்லாச் சரக்குக்கும் கிடைக்காது. இலங்கை தன் விவசாயிகளைக் காக்க நீளமான விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது, விவசாயப் பொருள் பலவும் அதில் இருக்கிறது. வாங்குபவர் தன் சுங்க முகவரிடம் குறியீட்டைக் கொடுத்துக் கேட்ட பிறகு சலுகைச் சான்றிதழ் எடுங்கள், பிரயோஜனம் இல்லையென்றால் சாதாரணப் பிறப்பிடச் சான்றிதழ் போதும். தயாரித்த பொருளுக்கு, அதாவது இறக்குமதி மூலப்பொருள் கலந்ததற்கு, ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்த்த மதிப்பாக இருக்க வேண்டும் என்பது நினைவில் இருக்கட்டும். காட்டில் விளைந்த வத்தலுக்கு அந்தக் கணக்கு வராது.

பணம்

"அண்ணாச்சி, பெட்டியை விடுங்க, துட்டு நாளைக்கு வந்துரும்." கொழும்பில் இருந்து வருகிற இந்த ஒரு போனில்தான் பலருடைய முதல் பெட்டி போயிருக்கிறது. சொல்கிறவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. சரக்கு துறைமுகத்தில் வந்து நிற்கிறது, நாள் வாடகை ஓடுகிறது, ஒரிஜினல் பில் இன்னும் கூரியரில் இருக்கிறது. அவருக்கும் நெருக்கடி. நாம் இரக்கப்பட்டு ஒரிஜினலை இங்கேயே லைனிடம் ஒப்படைத்து, ஒரிஜினல் இல்லாமலே அங்கே சரக்கை விடச் சொல்லும் 'டெலெக்ஸ் ரிலீஸ்' கொடுக்கச் சொல்கிறோம். அந்த நிமிஷம் சரக்கு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இதைத் தவிர்க்க வழி முன்கூட்டியே பேசுவதுதான். புது ஆள் என்றால் முப்பது சதவீதம் முன்பணம், மீதி பில் வரைவைக் கண்டதும். முழுப்பணமும் நம் கணக்கில் வந்த பிறகு டெலெக்ஸ் ரிலீஸ். இந்த வரிசையை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்கிவிட்டால் கடைசி நேரத்தில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்விஃப்ட் நகலை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பெட்டியை விடாதீர்கள். பணம் வந்ததா என்பதை நம் பாங்க்தான் சொல்ல வேண்டும். எல்.சி. (வாங்குபவரின் பாங்க் பணத்துக்கு உறுதி தருகிற கடிதம்) மூலம் என்றால், பாங்க் வழியாகப் போகிற ஆவணத்துக்கு ஒரு வாரம் ஆகும் என்று கணக்கிட்டு, வாங்குபவர் தன் பாங்கிடம் ஒரிஜினல் பில் வருமுன் சரக்கை விடுவதற்கான உத்தரவாதமான ஷிப்பிங் கேரன்டி வாங்கிப் பெட்டியை எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடுசெய்கிற இ.சி.ஜி.சி. காப்பீடு எடுக்காமல் கடனுக்கு விற்க வேண்டாம்.

2022-ல் இலங்கையில் டாலர் வறண்டபோது நல்ல வியாபாரிகள்கூடப் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். கொழும்பு பாங்கில் ரூபாயாகப் பணம் இருந்தது, வெளியே அனுப்ப டாலர் இல்லை. இரண்டு நாட்டுக் கொடுக்கல் வாங்கல் அதுவரை ஆசியத் தீர்வு ஒன்றியம் என்ற மத்திய வங்கிகளின் ஏற்பாடு வழியாகப் போனது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி, இலங்கை வணிகத்தை அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதே மாதம் 11-ஆம் தேதி, இந்திய ரூபாயிலேயே ஏற்றுமதி இறக்குமதி செய்ய வழிசெய்யும் சுற்றறிக்கையும் வந்தது. ரூபாயில் இன்வாய்ஸ் போட நினைத்தால், வாங்குபவரின் பாங்குக்கு இங்கே அதற்கான சிறப்பு ரூபாய்க் கணக்கு இருக்கிறதா என்பதை நம் பாங்கில் முதலில் உறுதிசெய்யுங்கள்.

ராத்திரியில் மாறும் வரி

இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் சட்டப்படி சிறப்புப் பண்ட வரி உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், பருப்பு போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போடுவார்கள். அதை அரசிதழ் அறிவிப்பால் மாற்றலாம், ஒரே ராத்திரியில் ஏறும், இறங்கும். அங்கே உள்ளூர் அறுவடை வரும்போது ஏற்றுவது வழக்கம். இதில் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தம்புள்ளையில் பெரிய வெங்காயமும் யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயியின் கஷ்டம், ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் மூட்டையை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்கிறவருக்கு நன்றாகப் புரியும். ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்த்தால் போதும்: ஏற்றிய பிறகு அங்கே வரி மாறினால் அது வாங்குபவர் பொறுப்பு. அறுவடை மாதம் எது என்பதை அவரிடம் கேட்டு, அந்த மாதத்தில் பெட்டியைக் குறையுங்கள்.

நம் பக்கமும் இதே கதைதான். 2023 டிசம்பர் 8 முதல் 2024 மே தொடக்கம் வரை வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருந்தது. தடை நீங்கியபோது டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் வந்தன. அந்தச் செப்டம்பரில் விலைக் கட்டுப்பாடு போய் வரி 20 ஆனது. 2025 ஏப்ரல் 1-ல் தான் வரி முழுதாக நீங்கியது. தடைக்காலத்திலேயே அரசுகளுக்கு இடையே பேசி இலங்கைக்கு 10,000 டன் அனுமதித்தார்கள், அதுவும் ஒரு கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாக மட்டும். நாசிக் வெங்காயத்தின் விலை ஏறினால் போடுகிற தடையில் நம் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கொள்வது நியாயமில்லை. தனிக் குறியீடு கொடுங்கள் என்று தமிழக விவசாயிகள் கேட்பது இதனால்தான். அது கிடைக்கும்வரை, வெங்காயத்துக்கு நீண்டகால ஒப்பந்தம் போடாதீர்கள். வத்தலுக்குப் போடலாம்.

மாலேக்குத் தோணி

கொழும்பைப் பேசிவிட்டு மாலத்தீவை விட முடியாது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருந்து இன்றும் மரத் தோணிகள் மாலேக்குப் போகின்றன. 200 முதல் 400 டன் வரை ஏற்றும், தண்டல் என்கிற தோணித் தலைவரும் ஏழெட்டு ஆட்களும், மூன்று நாலு நாள் ஓட்டம். சிமென்ட், கல், காய்கறி, கயிறு, மசாலா எல்லாம் ஒன்றாகப் போகும். அந்த இடத்தில்தான் ஏற்றுகிறவர் கவனிக்க வேண்டும். கனச் சரக்கு அடியில், காய்கறி மேலே என்பது எல்லாருக்கும் தெரியும். வெங்காய மூட்டை அடித்தட்டுத் தண்ணீரிலும் டீசல் வாடையிலும் படாமல் பலகை போட்டுத் தூக்கி வைப்பதும், தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக் காற்றை அடைத்துவிடாமல் ஓரத்தில் வழி விடுவதும் பலர் செய்வதில்லை. வெங்காயம் கடல்தண்ணீரைவிடப் புழுக்கத்தில்தான் அதிகம் அழுகும். திரும்பும்போது தோணி பெரும்பாலும் வெறுமனே வரும், அதனால் இரண்டு நடை வாடகையும் போகிற சரக்கின் தலையில்தான் விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பும்போது ஓட்டம் நிற்கும்.

மாலத்தீவுக்கு ஒரு தனி வசதி உண்டு. 1981 வணிக ஒப்பந்தப்படி, மற்றவர்களுக்குத் தடை இருக்கும்போதும் அந்த நாட்டுக்கு வருஷ அளவு ஒதுக்குவார்கள். 2024–25-க்கு வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், ஆற்று மணலும் ஜல்லியும் தலைக்குப் பத்து லட்சம் டன். அந்த ஒதுக்கீட்டு உணவுப்பொருளை அனுப்ப அனுமதித்த சுங்க வாசல்களில் தூத்துக்குடியும் ஒன்று.

மாநிலம் செய்யக்கூடியது

வெளிநாட்டு வணிகம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 41-ஆவது இனம். தமிழ்நாடு தனியாக இலங்கையோடு ஒப்பந்தம் போட முடியாது. 2022-ல் அங்கே மக்கள் அரிசிக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றபோது, ஏப்ரல் 29-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசின் அனுமதியைக் கேட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய்க்கு. முதல் கப்பல் மே 18-ல் சென்னையில் இருந்தும், இரண்டாவது ஜூனில் தூத்துக்குடியில் இருந்தும் போனது. அந்த மூட்டைகளை ஏற்றியபோது கிடைத்த நிறைவை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள்.

வணிகத்திலும் மாநிலத்தின் கையில் இருப்பது இதுபோலக் கரைக்கு இந்தப் பக்கம் உள்ள வேலைதான். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களில் தைக்கு முன்னால் சிமென்ட் களம், களத்துக்கு ஒரு கனத்த தார்ப்பாய், ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஒவ்வொன்றிலும் வேலை செய்கிற ஈரமானி, மூட்டையைக் குத்திப் பார்த்துத் தண்ணீர் தெளித்ததைத் திருப்பி அனுப்ப அதிகாரம் உள்ள ஒரு ஆள். பறிப்பு தொடங்கிய முதல் வாரமே அந்த ஆள் அங்கே நிற்க வேண்டும். மாசியில் வந்தால், முதல் பறிப்பு வத்தல் அதற்குள் மண்டிக்குப் போயிருக்கும்.